ஏழாம் கூண்டில் எலி இல்லை

ஐந்தரை மணிக்கு அலாரம் அடித்தது. மௌனி எழுந்து அதை நிறுத்தினான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஒரு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். கிளம்பும் முன் படுக்கையறைக்குப் போய் மின்விசிறியை ஒன்றில் வைத்தான். அந்த அறையில் யாரும் இல்லை.

எட்டு மாதமாக இதே வரிசை. எட்டு மாதத்துக்கு முன் அவன் மனைவி இறந்தாள். 'அவரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது அவர்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. இருந்தவன் அவன்தான். அவள் சொன்னது, 'ஃபேனை ஒண்ணுல வைங்க.' அவ்வளவுதான். அவன் யாரையும் திருத்தப் போகவில்லை.

வாசலில் விசில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலை விட்டுப் போனாலும் விசில் அவரை விட்டுப் போகவில்லை. கறுத்துப்போன அந்த இரும்பு விசில் எந்நேரமும் சட்டைப் பையில் கிடக்கும். பெயர் அப்படி வந்தது. மௌனி வாயைத் திறக்க மாட்டான், விசில் வாயை மூட மாட்டார். இந்த இருவரும் சேர்ந்து துப்பறியும் தொழில் நடத்துவதைத் தெருவில் 'பூட்டும் சாவிக்கொத்தும்' என்பார்கள்.

"தம்பி, போற வழியில ரெண்டு இடத்துல நிறுத்துவேன். ஏன் எதுக்குன்னு கேட்கக் கூடாது" என்றார் விசில்.

கேட்க வேண்டியதே இல்லை. விசிலின் சிறுநீர்ப்பை அவசரக்காரப் பை. டிப்போ வரட்டும், டிப்போ வரட்டும் என்று இருபத்தேழு வருஷம் அடக்கியதற்கு அது இப்போது பழி வாங்குகிறது என்பது அவர் கட்சி. சர்க்கரை இல்லை, கல்லும் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அரை மணிக்கு ஒரு தரம் ஓட வேண்டும். ஓடினால் கால் டம்ளர்கூடத் தேறாது.

முதலில் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். வியாழக்கிழமை இறந்துபோன பெண்ணின் அக்கா அவர். கல்யாணம் ஆகாத இரண்டு சகோதரிகள், ஒரு மாடி வீடு. டீச்சர் அவர்களை நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். கொடியில் இரண்டு புடவையும் ஒரு வெள்ளைக் கோட்டும் தொங்கின. வியாழக்கிழமை மாலை மழையில் நனைந்து, வெள்ளிக்கிழமை காய்ந்து, மறுபடி நனைந்து, சனிக்கிழமையான இன்றும் அப்படியே கிடந்தன.

துணி எடுப்பதில்தான் வியாழக்கிழமை காலையில் சண்டை என்றார் டீச்சர். ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் தங்கை முறை. அன்றைக்கு யார் முறை என்று வாக்குவாதம். தங்கை பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு டீச்சருக்கு அந்தக் கொடியில் கை வைக்க மனம் வரவில்லை.

"அவ போயிட்டா, அதை நான் இல்லேங்கல" என்றார். "ஆனா 'தப்புப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனான்னு எழுதி வெச்சிருக்காங்க. என் தங்கச்சி பொறந்ததுலேருந்து யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல சார். என்கிட்டயே கேட்டதில்ல. அவ கடைசியா நிஜமா என்ன சொன்னா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மௌனி கொடியைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

நேரம் அதிகம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடப் போகிறார். மூடினால், அந்தக் கடைசி வாக்கியம் அரசாங்க முத்திரையோடு நிலைத்துவிடும்.

தங்கை வேலை பார்த்தது ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே சோதித்துக்கொண்டிருந்த மருந்து, மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகளின் ஜாதி. சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணானால், பை நிரம்பாமலே நிரம்பிவிட்டதாகக் கூப்பாடு போடும். வலியையும் வீக்கத்தையும் அடக்கினால் அந்தக் கூப்பாடும் அடங்குமா? இதுதான் கேள்வி. மனுஷருக்குக் கொடுக்கும் முன் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எலியின் பையில் மெல்லிய அமிலம் விட்டு எரிச்சல் உண்டாக்கி, மருந்து கொடுத்து, எத்தனை தரம் போகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கெடுப்பார்கள். கணக்கெடுத்தவள் தங்கை.

அவளுக்கு ஆஸ்துமா. இந்த ஜாதி மாத்திரையில் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவள் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அந்த மருந்தைத் தொடுவாள் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை எலி அறைக்குள் அந்த மருந்தைச் சாப்பிட்டு இறந்துகிடந்தாள்.

மேனேஜர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் சுருக்கமானது. சோதனை எண்களை அவள் மாற்றி எழுதியிருந்தாள். அதைக் கண்டுபிடித்துக் கேட்டேன். மூன்றரை மணிக்கு உள்ளேயிருந்து இன்டர்காமில் கூப்பிட்டு, 'தப்புப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க' என்றாள். நான்கு மணிக்குக் கதவு திறந்தபோது உயிர் இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் மேனேஜர் தடபுடலாக வரவேற்றார். கஞ்சி போட்ட சட்டை, கழுவிக் கழுவி வெளுத்த கை. டீ வரவழைத்தார். மௌனி தொடவில்லை. அவன் கோப்பையையும் சேர்த்து விசிலே குடித்தார். ஓசி டீக்கு வஞ்சனை செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை.

வியாழக்கிழமை நடந்ததுபோலவே ஒரு பொழுது அந்த அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றான் மௌனி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தாராளமாக என்றார். ஒரு மணிக்குப் பதிவு தொடங்கும். தொடங்கினால் நான்கு மணி வரை கதவு திறக்காது, பரவாயில்லையா? எலிகள் மிரளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. செல்போனையும் வெளியே வைத்துவிட வேண்டும், தராசுகளுக்கு ஆகாது.

விசில் மௌனியின் காதருகே குனிந்தார். "தம்பி, மூணு மணி நேரமா? நான் ரெண்டு டீ குடிச்சிருக்கேன்."

"தெரியும்" என்றான் மௌனி.

அறையைக் காட்டியவர் கூண்டம்மா. எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுகிற அம்மாள். அங்கே எல்லோருக்கும் அவர் கூண்டம்மாதான். சன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் இரும்புத் தகடு. வெள்ளை விளக்கு இல்லை, மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. எலிக்குச் சிவப்பு தெரியாது, அதற்கு இது இருட்டு. இங்கே பகல் ஒரு மணிதான் எலிகளுக்கு நடுராத்திரி, அதனால் விழித்துக்கொண்டு ஓடும் என்றார்.

பன்னிரண்டு கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குக் கீழே ஒரு தராசு. எலி ஒரு சொட்டு விட்டாலும் கம்ப்யூட்டரில் அதன் கோடு ஒரு படி ஏறும். ஆரோக்கியமான எலிக்கு எப்போதாவது ஒரு பெரிய படி. எரிச்சல் பிடித்த எலிக்குக் கிட்டக் கிட்டச் சின்னச் சின்னப் படி.

"எங்க வீட்டுக் கழிப்பறையில தராசு வெச்சா இதே மாதிரிதான் வரும்" என்றார் விசில். "அப்ப நானும் இந்தக் கும்பல்ல ஒருத்தன். எனக்கு ஒரு கூண்டு போடுங்கம்மா."

ஏழாவது காலி என்றார் கூண்டம்மா. ஏழாம் கூண்டில் எலி கிடையாது, ஒருபோதும் கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டும்போது இரண்டு சொட்டு சிந்தும், காற்றில் கொஞ்சம் உலரும். எலி இல்லாத கூண்டில் அது எவ்வளவு என்று பார்த்து மற்றதில் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பாட்டிலைத் திங்கட்கிழமை ஒரு தரம்தான் மாட்டுவார். மற்ற நாளில் அந்தப் பக்கமே போக மாட்டார்.

கூரையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு மைக் தொங்கியது. விசில் அதை நிமிர்ந்து பார்த்தார். கூண்டம்மாவின் குரல் தாழ்ந்தது. எலி வலியில் அழும். மனுஷக் காதுக்கு எட்டாத கீச்சுக் குரல். மைக்குக்குக் கேட்கும். கேட்டதைக் கோடாக வரைந்து வைக்கும். கீச்சு எல்லை மீறினால் கீழே அவருடைய அறையில் மணி அடிக்கும். அடித்தால் எந்தப் பதிவு ஓடினாலும் தன் சாவியால் கதவைத் திறந்து அந்த எலியை வெளியே எடுத்துவிட வேண்டும். இதைச் சட்டமாக்கியவள் தங்கைதான்.

"வியாழக்கிழமை மணி அடிக்கல சார்" என்றார். "அடிச்சிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே எங்கோ ஒரு இரும்பு நாக்கு நகர்ந்து பூட்டிய சத்தம் கேட்டது. கதவுக்கு மேல் சிவப்பு எண்கள் தோன்றின. மூன்று மணி, பூஜ்யம், பூஜ்யம். பிறகு அவை குறையத் தொடங்கின.

முதல் அரை மணி விசில் நின்றார். அடுத்த கால் மணி நடந்தார். பிறகு ஒரு முக்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பதினொரு எலிகள் கம்பியில் ஓடின. கிண்ணங்களில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த அறையில் வேறு சத்தமே இல்லை.

"சொட்டுற சத்தம் கேக்குதா தம்பி?"

"கேக்குது."

"நிறுத்தச் சொல்லுங்க."

மௌனி கதவை ஆராய்ந்துகொண்டிருந்தான். உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். ஓட்டைகளின் விளிம்பு பளபளத்தது. விரலால் தடவினான், இரும்புத் தூள் ஒட்டியது. பழைய ஓட்டையில் தூள் இருக்காது. அவசரத்துக்குத் திறக்கிற பிடியை யாரோ இந்த வாரம்தான் கழற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் வியாழக்கிழமை அவளும் இப்படித்தான் இங்கே நின்றிருக்கிறாள். இதே விளக்கு. இதே சொட்டுச் சத்தம். குறைந்துகொண்டிருக்கும் எண்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சும் குழல் கைப்பைக்குள்; கைப்பை வெளியே, விதிப்படி.

மௌனி மூச்சை ஒரு தரம் ஆழமாக இழுத்து விட்டான். சுவர்கள் கொஞ்சம் கிட்டே வந்ததுபோல் இருந்தது.

விசிலுக்குப் பொறுமை அறுந்தது. மானம் மரியாதை எல்லாம் முழுப் பையோடு வராது என்றார். சுவரில் இருந்த இன்டர்காமை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். காதில் வைத்தார். தட்டினார்.

"செத்துக் கெடக்கு தம்பி. ஒரு சத்தம் இல்ல. அந்த மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக் கதவைத் திறக்கச் சொல்லலாம்னு பார்த்தா..."

அவர் நிறுத்திக்கொண்டார். மௌனி திரும்பினான். இருவரும் அந்தக் கருவியைப் பார்த்தார்கள்.

கருவியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மௌனி குனிந்து படித்தான். 'பதிவு நேரத்தில் இன்டர்காம் இணைப்பு தானாகவே நின்றுவிடும். மணிச் சத்தத்துக்கு எலிகள் மிரளும்.' கீழே தங்கையின் கையெழுத்து.

இந்த அறையில் ஒரு பதிவுக்காவது உட்கார்ந்தவனுக்கு இது தெரிந்திருக்கும். மேனேஜர் கஞ்சி போட்ட சட்டையோடு கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்று வேலை வாங்கியவர். மூன்றரை மணிக்கு இன்டர்காமில் அவள் குரல் கேட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாதும்பாங்க" என்றார் விசில். "இந்தாளு வாய்க்குக் களி."

மௌனிக்கு அது போதவில்லை. பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இன்டர்காம் அன்றைக்கு மட்டும் வேலை செய்தது என்று மேனேஜர் சாதிப்பார். இல்லாததைக் காட்டி யாரையும் பிடிக்க முடியாது. இருப்பது ஒன்று வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தான். போலீஸ் கோப்பிலிருந்து வாங்கி டீச்சர் காலையில் கொடுத்த வியாழக்கிழமைப் பதிவின் நகல். பன்னிரண்டு கோடுகள். காலையிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. எங்கும் ஒன்றும் தெரியவில்லை. விசில் எட்டிப் பார்த்தார். கவனத்தை வேறு எதிலாவது செலுத்த வேண்டிய நிலைமை அவருக்கு.

கண்டக்டரின் கண் தாளில் மேலிருந்து கீழே இறங்கியது. சீட்டு எண்ணிப் பழகிய கண். ஏழாவது கோட்டில் நின்றது.

"தம்பி, காலி சீட்டுக்கு டிக்கெட் கிழிஞ்சிருக்கு."

"என்ன?"

"ஏழுல எலியே இல்லேன்னு அந்தம்மா சொன்னாங்க. கோடு நேரா வருது. ஒண்ணு நாப்பதுல ஒரு படி ஏறுது பாருங்க. சின்னப் படிதான். ஆனா ஏறுது. இல்லாத எலி எப்படி ஒண்ணுக்குப் போச்சு?"

மௌனி அந்தப் படியைப் பார்த்தான். பிறகு ஏழாம் கூண்டைப் பார்த்தான். பாட்டிலைக் கவிழ்த்து மாட்டும்போது இரண்டு சொட்டு சிந்தும். அந்தப் பாட்டிலைத் திங்கட்கிழமை மட்டும்தான் மாட்டுவார்கள். வியாழக்கிழமை ஒன்று நாற்பதுக்கு யாரோ அதைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அப்போது அறைக்குள் இருந்தது ஒரே ஆள்.

அருகே போனான். பன்னிரண்டு பாட்டில்களும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. சிவப்பு விளக்கில் தண்ணீருக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் இல்லை. பாட்டிலைத் தொடாமல் அதன் குழாய் நுனியை முகர்ந்தான். விசிலைக் கூப்பிட்டான்.

விசில் ஒரே இழுப்பில் சொல்லிவிட்டார். "டீ. பால் போட்டது. புளிச்சு ரெண்டு நாளாச்சு. ஊர்ல இருக்கிற எல்லா பஸ் ஸ்டாண்டு டீயும் குடிச்ச மூக்கு இது, தப்பாது."

மேனேஜரின் வாக்குமூலத்தில் டீயே இல்லை. போலீஸ் எடுத்த பொருள் பட்டியலில் கோப்பையும் இல்லை. கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தவர் கோப்பையை எடுத்துப் போய்விட்டார். கோப்பையை எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நெஞ்சு அடைக்க அடைக்க, மிச்சத்தை யாரும் பார்க்காத ஒரே பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாள். ஊற்றியதைத் தராசு எழுதி வைத்துவிட்டது.

விசில் ஏழாம் கூண்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த ரூம்ல காலியா இருந்தது ஒரே கூண்டு. நானும் ஒரு மணி நேரமா அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். அதையும் சாட்சி ஆக்கிட்டீங்க."

எண்கள் குறைந்தன. பத்து நிமிஷம். ஐந்து. விசில் கதவுக்கு நேரே ஓட்டப் பந்தயக்காரர்போல் நின்றார். கதவிலிருந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. மேனேஜர். அவர் கண் விசிலைத் தாண்டிப் போய், ஏழாம் கூண்டின் பக்கத்தில் குனிந்து நின்ற மௌனியிடம் தங்கியது. அங்கேயே இருந்தது. பிறகு முகம் மறைந்தது.

எண்கள் பூஜ்யத்தைத் தொட்டன. இரும்பு நாக்கு நகரவில்லை.

மூன்று மணி, பூஜ்யம், பூஜ்யம். மறுபடி குறையத் தொடங்கியது.

"தம்பி" என்றார் விசில். அவர் குரலில் முதல் தடவையாக வேடிக்கை இல்லை.

மௌனி கதவைத் தட்டினான். தகடு சத்தத்தை விழுங்கியது. நான்கு மணி. ஐந்து மணிக்குக் கோப்பு மூடிவிடும். ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, இயந்திரக் கோளாறு, மன்னிக்கணும் என்பார் மேனேஜர். அப்போது ஆள் வைத்து விளக்கை அணைத்து, இருட்டில் ஒரு பாட்டிலை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? முக்காலியில் உட்கார்ந்தான். எட்டு மாதமாக அவன் இருந்ததும் இப்படி ஒரு அறையில்தான். எண்கள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதிலிருந்து வெளியே வர அவன் முயற்சி செய்ததில்லை. இதிலிருந்து வந்தாக வேண்டும். கொடியில் துணி கிடக்கிறது.

நிமிர்ந்தபோது மைக் கண்ணில் பட்டது.

"அண்ணே. விசில் எங்கே?"

"இதோ நிக்கிறேனே."

"உங்களைச் சொல்லல. பையில இருக்கறது."

விசில் அதை எடுத்தார். மௌனி முக்காலியை மைக்குக்கு நேர் கீழே போட்டான். வலியில் அழுகிற எலியின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த இரும்பு விசில் ஊதினால் மூன்று தெருவுக்கு நாய் ஊளையிடும் என்று தெரியும்.

"ஏறி நின்னு ஊதுங்க. எவ்வளவு மூச்சு இருக்கோ அவ்வளவும்."

"ஊதினா எனக்கு வேற ஒரு ஆபத்து இருக்கு தம்பி."

"ஊதுங்கண்ணே."

விசில் ஊதினார். இரும்பு அறையில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. பதினொரு எலிகளும் ஒரே நேரத்தில் துள்ளின. பதினொரு கிண்ணத்திலும் ஒரே நேரத்தில் சொட்டியது. பன்னிரண்டாவது ஆளாக நான் சேராமல் இருந்தது முன்னோர் செய்த புண்ணியம் என்று விசில் பிற்பாடு பல பேரிடம் சொன்னார். மறுபடி ஊதினார். மூன்றாம் தரம் ஊதும்போது அவர் முகம் கறுத்தது, மூச்சு அறுந்தது. முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த விஷயம் அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா தம்பி? அவதானே இதைச் செஞ்சு வெச்சவ. ஒரு சத்தம் போட்டிருந்தா மணி அடிச்சிருக்குமே."

"சத்தம் போட மூச்சு வேணும்" என்றான் மௌனி.

விசில் வாயை மூடிக்கொண்டார். உடனே மறுபடி திறந்து, நான்காம் தரம் ஊதினார்.

படியில் ஓடி வரும் செருப்புச் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. சாவி திரும்புவதுதான் கேட்டது. கதவு திறந்தது. வெள்ளை வெளிச்சம் உள்ளே விழுந்தது. பதினொரு பாட்டிலில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. ஏழாவதில் இருந்தது பழுப்பு நிறம்.

கூண்டம்மா, எந்த எலி என்று மூச்சிரைக்கக் கேட்டார். விசில் அவரைத் தாண்டி ஓடினார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மௌனி போன் செய்ததும் நாலரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மதியமே வந்து கீழே வரவேற்பறையில் காத்திருந்த டீச்சரும் மேலே வந்தார். ஏழாம் பாட்டிலைச் சீல் வைத்து எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் அசரவில்லை. அவளே டீ கொண்டுபோயிருப்பாள், அவளே கலந்திருப்பாள், இன்டர்காம் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. அவள் சொன்னது என் காதில் இன்னும் ஒலிக்கிறது சார் என்றார். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க.

மௌனி கூண்டம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். விசில் ஊதினது மைக்குக்குக் கேட்டதென்றால், பேசினால் கேட்காதா?

கேட்கும் என்றார் கூண்டம்மா. எல்லாம் பதிவாகும். ஆனால் எலியின் கீச்சு நம் காதுக்குத் தெரியாது என்பதால் யாரும் அதைக் காதால் கேட்டதே இல்லை. கோட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை வாய்க்குப் போனது.

மேனேஜர் அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

வியாழக்கிழமையின் ஒலிப்பதிவைத் திறந்தார்கள். சத்தத்தை முழுக்க ஏற்றினார்கள். எலிகள் ஓடும் சத்தம். சொட்டுச் சத்தம். பிறகு மூச்சு, இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு. அதற்கு நடுவே, பாடம் எழுதச் சொல்வதுபோல் நிதானமாக, ஒரு பெண் பேசினாள். கிழமையும் நேரமும் சொன்னாள். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் கதவருகே வந்து டீ கொடுத்ததைச் சொன்னாள். இந்த மருந்து பையின் எரிச்சலை அடக்குகிறது, ஆனால் அடக்குகிற அளவு கொடுத்தால் எலியின் குடலில் ரத்தம் கசிகிறது. இரண்டாவது பாதியை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன், இதுதான் நடந்தது என்றாள். கதவுப் பிடி இல்லை என்றாள். மிச்ச டீ ஏழில் இருக்கிறது என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிமிஷக்கணக்கில் மூச்சு. தப்பு என்ற சொல்லே அதில் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை.

பிறகு வெறும் எலிகள். இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே பதிவை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க" என்றார் டீச்சர். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு கோடு இருக்கு."

இருந்தது. பதினொரு நிமிஷம் தள்ளி, தரையோடு தரையாக, ஒரு சின்னக் கோடு. அது வரும்வரை எல்லோரும் நின்றார்கள். வாசலுக்குத் திரும்பி வந்திருந்த விசில்கூட அசையவில்லை. கோடு வந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் சொல்வதுபோல் இருந்தது.

"அக்கா, இன்னைக்குத் துணி எடுக்கற முறை என்னோடதுதான். நான் வந்து எடுத்துடறேன்."